எண்ணூறாம் ஆண்டில் வாழ்ந்த கொத்துரொட்டிக்காரர்

ரொறன்ரோவில் உடம்பை இங்கே வைத்துவிட்டு மனதால் ஊரில் வாழ்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கிறிஸ்துவுக்குப் பின் எண்ணூறாம் ஆண்டில் வாழ்ந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் என் கடையில் கொத்துரொட்டி போட்டார்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கோப்பை கழுவித் தொடங்கினேன். இன்றைக்கு என் கடைச் சாப்பாடு இல்லாமல் ஸ்காபரோவில் ஒரு கலியாண வீடு ஒப்பேறாது. பட்டம் பெற்றவர்களும் என்னிடம் வேலை கேட்டு வருவார்கள். நான் பெருந்தன்மையோடு கொடுப்பேன். ஆனால் எண்ணூறர் என்று நாங்கள் பேர் வைத்த அவரைப் போல ஒருவர் வந்ததில்லை.

அவருக்கு இந்தப் பித்துப் பிடித்த இடம் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் உடுப்புத் தோய்க்கும் அறை. அங்கே ஓர் எத்தியோப்பியர், தங்கள் நாட்டில் வருடம் ஏழெட்டுப் பின்னால் நடக்கிறது என்றாராம். பக்கத்தில் நின்ற சோமாலியர் ஹிஜ்ரிக் கணக்கைச் சொல்ல, ஒரு யூத மூதாட்டி தங்களுக்கு ஐயாயிரத்துச் சொச்சம் என்றாராம். மனிதர் ஆடிப்போய்விட்டார். ஒரே மெசினில் உடுப்புத் தோய்க்கிறவர்கள் ஒரே வருடத்தில் இல்லையே! எல்லாரையும் ஏதாவது ஒரு வருடத்தில் ஒன்றாக நிறுத்திப் பார்க்க ஆசைப்பட்டு எண்ணூறைப் பிடித்தார்.

"ஏன் ஐசே எண்ணூறு?"

"வட்டமான இலக்கம் அண்ணை. பாக்க வடிவாயிருந்துது."

அவர் தகட்டில் கொத்துகிற தாளமே அந்தக் கணக்குத்தான். "சகம் எழுநூற்றி இருபத்திரண்டு, கலி மூவாயிரத்துத் தொளாயிரத்தொண்டு, ஹிஜ்ரி நூற்றி எண்பத்துநாலு, எத்தியோப்பியா எழுநூற்றித் தொண்ணூற்றிரண்டு..." ஆட்டிறைச்சிக் கொத்துக் கேட்டு வந்தவன் பாக்தாத் கலீபாவின் சுகசெய்தியோடு வீட்டுக்குப் போவான். அந்த வருடம் கிறிஸ்து பிறந்த நத்தார் நாளில் ரோமாபுரியில் ஒருவருக்குச் சக்கரவர்த்தி முடி சூட்டினார்களாம். அந்த ஆளின் நாட்டுக் கணக்கில் நத்தாரோடு புது வருடமும் பிறந்துவிடுமாம். "முடி வைச்சது எண்ணூறிலயோ எண்ணூற்றொண்டிலயோ எண்டு ஒரு இழுபறி இருக்கண்ணை," என்பார், பக்கத்து வீட்டு வேலிச் சண்டையைச் சொல்வதுபோல. வரிசையில் நிற்கிறவர்களுக்கோ பசி.

பெரிய இடைஞ்சல் லீவுதான். ஒவ்வொரு கணக்கின் வருடப் பிறப்புக்கும் லீவு கேட்பார். ஜனவரியில் ஒன்று, செப்டம்பர் வாக்கில் இரண்டு, முஹர்ரம் எப்போது வரும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

"உமக்கு எத்தினை தரம் ஐசே வருசம் பிறக்கும்?"

"எனக்கில்லை அண்ணை, அவையளுக்கு. வாழ்த்துச் சொல்லப் போகவேணுமெல்லோ."

சித்திரைக்கு லீவு இரட்டிப்பு. எங்களிடம் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம். அவர் எதன் மனதையும் நோகவிட மாட்டார்.

இப்படியே ஐம்பதைத் தொட்டுவிட்டார். வந்த சம்பந்தமெல்லாம் எண்ணூறைக் கேட்டதும் எழும்பி ஓடியது. கடைசியாக யூனியன்வில்லில் ஒரு பேச்சு வந்தது. முதியோர் இல்லத்தில் தாதி வேலை பார்ப்பவர், கணவரை இழந்தவர். "இதுவும் தவறினால் எனக்கு இனி ஆர் அண்ணை?" என்றார் எண்ணூறர். அவர் நடப்பு வருடத்தைப் பற்றிக் கவலைப்பட்டு நான் கண்டது அன்றுதான்.

நான் கையில் எடுத்த கலியாணம் எதுவும் குழம்பியதில்லை. பெண் பார்க்கப் போகும்போது காரிலேயே கட்டளை போட்டேன். "வாயைத் திறந்தால் இந்த நூற்றாண்டு மட்டுந்தான், விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

பெண்ணின் தமையன் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டார். "தம்பிக்கு என்ன வயசு?"

"ஐம்பது," என்று நான் முந்திக்கொண்டேன்.

"ஹிஜ்ரியில பாத்தால் ஐம்பத்தொண்டரை," என்றார் எண்ணூறர்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ரோமாபுரி, பாக்தாத், மதுரைப் பாண்டியன் என்று ஒருவரையும் மிச்சம் விடவில்லை. தமையன் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். நான் சப்பாத்தை எங்கே கழற்றினேன் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வாய் திறந்தார். "அந்த வருசம் எங்கட பக்கம் மழை பெய்ததோ?"

உலகத்து அரசர்கள் எல்லாரும் எண்ணூறர் கைவசம், மழை இல்லை.

"தெரியாது," என்றார் மெதுவாக. "நான் அதை ஒருதரிட்டையும் கேக்கேல்லை."

"அப்ப பெய்தது எண்டு வைப்பமே. நெல்லு விளைஞ்சிருக்கும். சனம் வயிறாரச் சாப்பிட்டிருக்கும்."

"விளைஞ்சிருக்கும்," என்றார் அவர். பிறகு, "மழைக்காலம் எல்லாற்ற கணக்கிலயும் வரும் என்ன?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டார்.

தமையன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "உதுகள் ரெண்டும் ஒரே மாதிரி அண்ணை. கலியாணத்துக்கு நாள் பாப்பம்."

"எந்தப் பஞ்சாங்கத்தில?" என்றார் எண்ணூறர். நான் அவர் காலை மிதித்தேன்.

கலியாணம் முடிந்த கையோடு அஜக்ஸில் வீடு பார்த்து, அங்கேயே ஒரு வேலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் இடத்துக்கு இரண்டு பேரை வைத்திருக்கிறேன். கெட்டிக்காரப் பொடியன்கள். லீவு கேட்பதில்லை, வரிசையும் விறுவிறு என்று நகர்கிறது. இரண்டு பேருக்கும் இந்த வருடம் மட்டும்தான் தெரியும்.