தகவல் இல்லாத மாப்பிள்ளை

எங்கள் ஊர் கராட்டினாவில் பெண் கேட்டுப் போகிறவர்கள் ஆடு, போர்வை, தேன் கள் கொண்டுபோவது வழக்கம். மேற்படி பொருட்களுடன் மாப்பிள்ளை வாங்கின கடனை ஒழுங்காகக் கட்டுகிறவனா என்று மதிப்பெண் போட்டுச் சொல்லும் கடன் அறிக்கையும் சமர்ப்பிக்கப்பட வேண்டும் என்று பெண்ணின் தகப்பனார் முனேனே உத்தரவிட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கடன் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான்.

மாப்பிள்ளை கிச்சூகி என் அண்ணன் மகன். இரும்புக் கேட் செய்கிற பட்டறை வைத்திருக்கிறான். வெல்டிங் மெஷினிலிருந்து கால் செருப்புவரை ரொக்கம் கொடுத்தே வாங்கியவன். எங்கள் தரப்புப் பேச்சாளனாகிய நான் அறிக்கையை நீட்டினேன். முனேனே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"'தகவல் இல்லை'ன்னு போட்டிருக்கே?"

"நான் கடனே வாங்கினதில்லை, மாமா," என்றான் கிச்சூகி பெருமையாக.

"அதான் பயமா இருக்கு. இந்த ஊர்ல நம்பிக்கையான ஆளுங்க எல்லாரும் எங்கிட்ட கடன் வாங்கியிருக்காங்க. நீ திருப்பித் தருவியா மாட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வாங்கினாத்தானே மாமா தரணும்?"

"பாத்தீங்களா, இப்பவே தர மாட்டேங்கிறான்!" என்று முனேனே என்னிடம் முறையிட்டார்.

உள்ளேயிருந்து கதோனி எட்டிப் பார்த்தாள். "அப்பா, எனக்கு மாப்பிள்ளை தேடுறீங்களா, ஜாமீன்தாரர் தேடுறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

மூன்று மாத அவகாசம் வழங்கப்பட்டது. அறிக்கையில் ஐநூறு மதிப்பெண் இருந்தால் கல்யாணம். ஒன்று குறைந்தாலும் கோப்பு மூடப்படும்.

கிச்சூகி அன்றைக்கே போன் வழியாக ஐநூறு ஷில்லிங் கடன் வாங்கினான். அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் சாயங்காலமே திருப்பிக் கட்டிவிட்டான். கடன் கொடுத்தவர்களுக்கு வருத்தமாகிவிட்டது. "கொஞ்ச நாளாவது வெச்சிருந்து வட்டி கட்டுங்க சார், அப்பத்தானே நீங்க எப்படிப்பட்டவர்னு எங்களுக்குத் தெரியும்," என்று ஒரு பெண் போனில் கெஞ்சினாள். ஆகவே தேவையில்லாத டிவி ஒன்றைத் தவணையில் வாங்கி, பட்டறையில் துணி போட்டு மூடி வைத்தான். மதிப்பெண் ஐநூற்றுப் பத்துவரை ஏறியது. அதற்கப்புறம் ஏனோ இறங்கத் தொடங்கியது.

கெடு முடிகிற நாளில், பெண்ணுக்குத் தருவதாகப் பேசியிருந்த முப்பது ஆட்டையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். அறிக்கை நானூற்றுத் தொண்ணூற்றெட்டு என்றது.

"ஒம்பது தடவை உன் அறிக்கையை விசாரிச்சிருக்காங்க. ஒவ்வொரு விசாரணைக்கும் மதிப்பெண் குறையும்," என்றார் முனேனே. "ஒம்பது இடத்துல கடனுக்கு அலைஞ்சியா?"

"அது நீங்கதான் மாமா. பத்து நாளைக்கொரு தடவை உங்க பழைய ஆபீஸ்ல சொல்லிப் பாத்தீங்களே."

முனேனே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "யார் பாத்தாங்கங்கிறது முக்கியமில்ல. குறைஞ்சுதா இல்லையா?"

அறிக்கையை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாசலில் நின்ற கதோனியின் கண் நிறைந்துவிட்டது. 

அதுவரை சுட்ட ஆட்டு விலாவோடு போராடிக்கொண்டிருந்த கதோனியின் தாய்மாமன் வச்சிரா, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து முனேனேவைப் பார்த்தார்.

"மாப்ளே, பொண்டாட்டிக்கு உண்டான ஆட்டை முழுசாக் குடுக்காதவன் மகளுக்கு ஆடு வாங்கக்கூடாது. நம்ம வழக்கம் ஞாபகம் இருக்கில்ல? எங்க தங்கச்சிக்கு நீ இன்னும் ஏழு ஆடு தரணும். இருபத்தெட்டு வருஷமாச்சு. எங்கே, உன் அறிக்கையைக் காட்டு பாப்போம்."

முனேனேவுக்கு வியர்த்துவிட்டது. "மச்சான், அது கடனில்ல, உறவு! முழுசாத் தீத்துட்டா, உறவு முடிஞ்சுதுன்னு ஆயிடாதா?"

"அத்தைக்கு நீங்க எத்தனை பாக்கி, மாமா?" என்று கதோனி வச்சிராவைக் கேட்டாள்.

வச்சிரா அவசரமாக விலா எலும்பைத் தேடினார்.

"அஞ்சு," என்று சமையல்கட்டிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஒரு போர்வையையும் சேத்துக்கோ."

கதோனி அடுத்தவரைப் பார்த்தாள். கூடத்திலிருந்த கல்யாணமான ஆண்கள் அத்தனை பேரும் கூரையைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். நான் என் செருப்பைப் பரிசோதித்தேன். வெளியே லாரியில் முப்பது ஆடுகளும் கத்தின.

"ஆமா, முப்பதையும் இன்னிக்கே குடுக்கிறானா?" வச்சிரா திடுக்கிட்டுப்போனார். "உறவை இன்னிக்கே முடிச்சுட்டுப் போகவா வந்திருக்கான்?"

கூட்டத்துக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. இப்படி ஒரு ஆளை எந்தக் குடும்பம் நம்பும்? கால் மணி நேர ஆலோசனைக்குப் பின் முனேனே தீர்ப்பு வழங்கினார்.

"எட்டு ஆட்டை லாரியிலேயே விட்டுட்டு மத்ததை இறக்குங்க. பாக்கி இருக்கட்டும். உனக்கும் ஒரு கடன் வரலாறு வேணாமா?"

"எப்ப தரணும் மாமா?" என்று கிச்சூகி பேனாவும் தாளும் எடுத்தான்.

எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கதோனியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றுதான் முதல்முறையாக முனேனே அவனை "மாப்ளே" என்று கூப்பிட்டார்.

எட்டு ஆடு பாக்கி என்று அவன் எழுதிய தாளில் ஜாமீன் கையெழுத்து ஒன்று தேவைப்பட்டது. என் மனைவி வீட்டுக்கு நான் இன்னும் பதினோரு ஆடு தரவேண்டும். அந்தக் கூடத்தில் எனக்குத்தான் பாக்கி அதிகம். ஆகவே மறுபேச்சில்லாமல் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.