எவர் மனமும் புண்படாத விபத்து

உலக விமானப் போக்குவரத்து வரலாற்றிலேயே, எவர் மனமும் புண்படாமல் நிகழ்ந்த நடுவான் மோதல் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெருமை நம் ஒரகடத்துக்கு உரியது. வடக்குப்பட்டு செல்லும் சாலையில், லாரி அச்சு செய்யும் தொழிற்சாலைக்கும் கண்ணாடித் தொழிற்சாலைக்கும் நடுவே, ஒரு தகரக் கொட்டகைக்குள், தரையிலிருந்து நான்கடி உயரத்தில் அது நிகழ்ந்தது.

அந்தக் கொட்டகைதான் 'விண்ணகம் விமானிகள் பயிற்சி நிலையம்'. விமானத்தின் முன்னறையை மட்டும் வெட்டி எடுத்தாற்போல ஓர் இயந்திரம் அங்கே இரும்புக் கால்களில் நின்று ஆடிக்கொண்டிருக்கும். சன்னலுக்கு வெளியே திரையில் மேகங்கள் ஓடும். சிமுலேட்டர் என்பார்கள். அதனால் பறக்க இயலாது. விழ இயலும்.

மண்ணூர் எழிலரசனுக்கு அன்று இறுதித் தேர்வு. அவன் தந்தை தாண்டவராயன் கடைசி வயலையும் ஒரு தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் மகனை விமானிப் பயிற்சியில் சேர்த்திருந்தார். தேறினால் துணை விமானி வேலை உறுதி. முதல் பயணத்தில் தந்தைக்கு இலவச இருக்கையும் உண்டு. அந்த இருக்கைக்காக அவர் புது வேட்டியே வாங்கிவிட்டார்.

தேர்வாளர் கேப்டன் முனிரத்தினம். முப்பதாண்டு அனுபவசாலி. முதல் பயணத்தில் எழிலரசனோடு பறக்கவிருப்பவரும் அவரே. தேர்விலும் இடப்பக்கம் அமர்ந்து விமானத்தை அவரே ஓட்டுவார். வலப்பக்கம் அமர்ந்து எழிலரசன் வானொலியில் பேசுவான். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல், அடுத்த அறையில் ஒலிவாங்கியோடு அமர்ந்திருந்த சேரப்பணஞ்சேரி சசிரேகாவுடையது.

விமானம் சென்னையை நெருங்கியது. மூவாயிரம் அடியிலேயே நிற்கும்படியும், கீழே வேறொரு விமானம் குறுக்கே செல்வதாகவும் சசிரேகா அறிவித்தாள். சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்வது வான்வெளியின் விதி. நம் பள்ளிகளில் படித்தவனுக்கு வேறென்ன தெரியும்? எழிலரசன் ஓரெழுத்தும் பிசகாமல் ஒப்பித்தான்.

கேப்டனோ, முன்னொரு காலத்தில் அடைமழையில் தாம் விமானத்தை இறக்கிய வரலாற்றைக் கூறிக்கொண்டிருந்தார். வரலாற்றில் விமானம் இறங்க இறங்க, கையிலிருந்த விமானமும் உடன் இறங்கியது.

எழிலரசன் கண்டான். "உயரம்!" என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாத பிள்ளை என்று மண்ணூரே மெச்சிய பிள்ளை அவன். ஆகவே மெல்லக் கனைத்தான்.

கேப்டன் பரிவோடு சட்டைப்பையிலிருந்து ஓர் இருமல் மிட்டாய் எடுத்துக் கொடுத்தார்.

மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு எழிலரசன் அடுத்த கட்ட 'நடவடிக்கை'யில் இறங்கினான். "சார், மூவாயிரம் அடியில மேகம் ரொம்ப அழகா இருந்துச்சு சார்."

"கீழேயும் அழகாத்தான் இருக்கும், பாரு" என்றார் கேப்டன்.

சசிரேகாவுக்கும் திரையில் எல்லாம் தெரிந்தது. அவளுடைய சம்பள உயர்வும் அதே கேப்டனின் கையெழுத்தில்தான் இருந்தது. "சார், உங்களுக்கு வசதிப்பட்டா, கொஞ்சம் மேல போனா நல்லா இருக்கும் சார். அவசரம் ஒண்ணும் இல்ல சார்" என்றது கட்டுப்பாட்டுக் கோபுரம்.

மரியாதை கெட்டது அங்கே ஒன்றே ஒன்று: மோதல் எச்சரிக்கைக் கருவி. வெளிநாட்டில் பிறந்தது, பெரியவர் சிறியவர் அறியாதது. "ஏறு! ஏறு!" என்று கேப்டனையே ஏவியது. முப்பதாண்டுகளாக எவரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் அதன் வாயை அடைத்தார்.

"சார், தப்பா நினைக்கலேன்னா..." என்று எழிலரசன் தொடங்கிய வேளையில் திரை சிவந்தது. தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. இரு விமானங்களின் பயணிகள் அனைவரும், கணக்குப்படி, காலமானார்கள்.

மிட்டாய் கரைந்து முடிந்தது.

"மிஷின்ல ஏதோ ரிப்பேர்" என்றார் கேப்டன்.

அன்று மாலையே, வெங்காய பஜ்ஜியுடன் விசாரணைக் கூட்டம் கூடியது. மனிதவள அதிகாரி அமலா அம்மையார் ஒரு கதையோடு தொடங்கிவைத்தார். ஒரு யானையின் தலைமேல் ஒரு மைனா. எதிரே பாழுங்கிணறு. பெரியவர் தலைமேல் அமர்ந்துகொண்டே அவருக்கு வழி சொல்வது முறையா என்று தயங்கிய மைனா, யானையின் காதை அலகால் மெல்லக் கோதியது. அன்பு போலும் என்று மகிழ்ந்த யானை அப்படியே நடந்தது.

"கடைசி நொடி வரைக்கும் அந்த மைனா தன் இடத்தை விட்டு எழுந்திரிக்கலே. கவனிச்சீங்களா?" என்று அம்மையார் கேட்டார். அவை நெகிழ்ந்தது. மைனாவுக்குச் சிறகு இருந்ததை நினைத்து எழிலரசன் மட்டும் சற்றே பொறாமைப்பட்டான்.

பிறகு அவனைக் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் கையெழுத்து இல்லை, வேலை இல்லை, வயலும் திரும்பாது. அவன் எழுந்து நின்றான்.

"என் தப்புதான் சார். இன்னும் கொஞ்சம் சத்தமா கனைச்சிருக்கணும்."

குற்றத்தைத் தானே ஏற்கும் பண்பைக் கூட்டம் கைதட்டிப் பாராட்டியது. எச்சரிக்கைக் கருவி இனிமேல் 'தயவுசெய்து' சேர்த்துப் பேச வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. எழிலரசன் தேறினான். நன்னடத்தைக்கு 'மிகச் சிறப்பு'.

வெளியே டீக்கடையில் சசிரேகா பிடித்துக்கொண்டாள். "இன்னா எழிலு, செத்தும் பாஸ் ஆயிட்ட போல?"

"நீ மட்டும் இன்னா பண்ண? அவசரம் இல்லேன்னு சொல்லிக்கினு இருந்த."

அவள் சிரிக்கவில்லை. "சரி, அத்த வுடு. நெஜ பிளைட்லயும் அவர்தான் ஓட்டப் போறாரு. உங்க நைனா வேற ஏறப் போறாரு. இன்னா பண்ணுவ?"

அந்தக் கேள்வி ஸ்ரீபெரும்புதூர் வழியெல்லாம் அவன் பைக்கின் பின்னிருக்கையில் அமர்ந்து வந்தது. ஆறுதலுக்கு மாற்று வழி ஒன்று கண்டான். கேப்டனிடம் சொல்ல இயலாததைத் தந்தையிடம் சொல்லிவிடலாம்: அந்த விமானத்தில் ஏற வேண்டாம் என்று. ஒரே வரி. பெற்ற தந்தைதானே.

வீட்டில் தாண்டவராயன் புது வேட்டியைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவே வந்து நின்று அழகு பார்த்தது. எழிலரசன் வாசலில் நின்றான். பெரியவர் மகிழ்ந்திருக்கும்போது குறுக்கே பேசலாமா? மெல்லக் கனைத்தான்.

"இன்னாடா, சளி புச்சிக்கிச்சா?" என்றார் தந்தை. "கவலப்படாத. அன்னிக்கி பிளைட்ல சுக்குக் கஷாயம் எடுத்துக்கினு வரேன்."

பயணத் தேதி குறித்தாயிற்று. தாண்டவராயனுக்குப் பக்கத்து இருக்கை தங்களுடையதாக இருக்கக்கூடும். முன்னறைப் பக்கமிருந்து ஒரு கனைப்பொலி கேட்டால், அது சளியன்று என்பதைத் தாங்கள் இப்போது அறிவீர்கள். ஆயினும் பணிப்பெண்ணை அழைக்கும் மணியை அழுத்த மாட்டீர்கள். பக்கத்தில் பெரியவர் தூங்கிக்கொண்டிருப்பாரே.