முகூர்த்தப் புடவையில் இருந்த வெள்ளி

"என்னாங்க, என் முகூர்த்தப் பொடவ பெட்டியில இல்லியே?"

லோகாம்பாள் உள்ளேயிருந்து கேட்டதும், பஞ்சாட்சரம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். மறுநாள் மைத்துனிக்குக் கல்யாணம். புடவை பெட்டியில் எப்படி இருக்கும்? பத்து நாளைக்கு முன்புதான் அதை மெட்ராஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொண்டுபோய், இரும்புச் சட்டியில் போட்டுக் கொளுத்தியிருந்தானே!

பைத்தியமெல்லாம் இல்லை. ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவன். காய்ச்சிய வெள்ளிக் கம்பியின் மேல் ஆல்கஹால் ஆவியை ஓட்டி, சோப்புக்குப் போடும் பாதாம் வாசனைச் சரக்காக மாற்றுகிற ஆராய்ச்சி. வெள்ளிதான் அதற்கு வினையூக்கி. வேலையை முடுக்கிவிடுமே தவிர, தான் செலவாகாது. ஆனால் கூடத்தில் இருந்த வெள்ளி அழுக்கேறிக் கெட்டுப்போயிற்று. நூல் போல மெல்லிய கம்பிக்கு ஜெர்மனிக்கு எழுத வேண்டும். அதற்கு லைசென்ஸ் வேண்டும். அந்தக் கடுதாசி எந்த மேஜையில் தூங்கிற்றோ, யார் கண்டது! டைரக்டரோ, "இந்த மாசம் ரிசல்ட் வரலைன்னா இழுத்து மூடிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு மெல்லிய வெள்ளிக் கம்பி என்றால் ஜரிகையைத் தவிர வேறென்ன ஞாபகம் வரும்? எரித்தான். கரியும் சாம்பலுமாக மிஞ்சிய கம்பியைக் கழுவிக் கண்ணாடிக் குழாயில் அடைத்தான். கூடம் முழுக்கப் பாதாம் வாசனை! நூற்றுக்கு எண்பது பங்கு சரக்கு! வெள்ளியின் மகிமை பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதி டில்லிக்கும் அனுப்பிவிட்டான். பெண்டாட்டியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"அது... ஜரிகை கறுத்திருந்துது. மெருகு போட ஷரீஃப் பாய்கிட்ட குடுத்தேன்."

ஷரீஃப் பெரிய காஞ்சிபுரத்தில் ஜரிகை வியாபாரி.

"அப்ப போயி வாங்கியாங்க."

"அவரு ஆற்காடு போயிருக்காரும்மா."

அரை மணி நேரத்தில் லோகாம்பாள் கடைக்கே போய்த் திரும்பி வந்தாள். "பாயி கடையில டீ குடிச்சிக்கினு இருக்காரு. பொடவையே வாங்கலன்றாரு!"

"மறந்திருப்பாரு. வயசாச்சில்ல."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். லோகாம்பாளின் அப்பா துரைக்கண்ணு காதுக்கு விஷயம் போயிற்று. அந்தப் புடவையைச் சொந்தத் தறியில் நெய்து கொடுத்தவர் அவர். விடுவாரா? ஷரீஃபைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே தெரு வந்தது.

"மாப்ளே, உங்க கையாலதான குடுத்தீங்க? இவரு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. போலீசுக்குப் போலாம்."

ஷரீஃப் கையை மேலே தூக்கினார். "அல்லா மேல சத்தியமா நான் வாங்கல சார். முப்பது வருசமா கடை வெச்சிக்கினு இருக்கேன். ஒருத்தன் என்னைத் திருடன்னு சொன்னதில்ல."

பஞ்சாட்சரத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. படித்த படிப்பென்ன, செய்கிற காரியமென்ன! தலை நிமிராமலே சொன்னான்.

"பாய் மேல தப்பில்ல மாமா. பொடவய நான்தான் எரிச்சிட்டேன். ஜரிகையில இருக்குற வெள்ளி வேண்டியிருந்துது, ஆராய்ச்சிக்கு. பாய், என்னை மன்னிச்சிடுங்க."

"ஐயோ! தாலி ஏறின பொடவையாச்சே!" லோகாம்பாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மாமனார் செருப்பைக் கழற்றுவார் என்று பஞ்சாட்சரம் காத்திருந்தான். துரைக்கண்ணுவுக்கோ முகம் வெளுத்துவிட்டது.

"சரி, சரி. போனது போவட்டும். ஒரு பொடவ தானே? வேற நான் தரேன். எல்லாம் கலைஞ்சி போங்கப்பா!"

இப்படி ஒரு மாமனாரா! இவ்வளவு பெரிய மனசுக்காரருக்கா துரோகம் செய்தோம்? பஞ்சாட்சரத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"இல்ல மாமா, நீங்க நஷ்டப்படக்கூடாது. அது செலவே ஆவாது. வெள்ளி அப்படியே குழாயில இருக்குது. ஒரு குந்துமணி குறையாம உங்க கையில குடுத்துடறேன்."

"அதெல்லாம் வேணாம் மாப்ளே, விடுங்க!"

"வேணும் மாமா!"

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஷரீஃப் நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளி எங்கேர்ந்து சார் வரும்? அந்தப் பொடவைக்கு உங்க மாமனாரு எங்கிட்ட வாங்கினது செம்பு ஜரிகையாச்சே!"