தாரப் கச்சேரியில் நான் தொடுத்த போர்

"உனக்கு எதுக்கும்மா இந்த ஆப்பிரிக்கா பாட்டெல்லாம்? அவங்க என்ன பாடுறாங்கன்னு உனக்குப் புரியவா போகுது?"

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் கட்டடத்து மேல்மாடி வசந்தா ஆன்ட்டி இப்படிக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆன்ட்டி கேட்டது நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி.

அன்றைக்கு அது உறைக்கவில்லை. காரணம், படிப்புத் திமிர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டினாள். அப்பா லாரியில் மூட்டை ஏற்றினார். நான் நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியில் விஞ்ஞானி. எதையும் படித்தே தெரிந்துகொண்டுவிடலாம் என்பது என் உறுதியான நம்பிக்கை. (நீச்சலையும் அப்படித்தான் படித்தேன். காப்பாற்றியவர் நல்லவர்.)

அந்தத் திமிரில்தான் ஊர் நூலகத்தின் கலை விழாவில் 'கிழக்கு ஆப்பிரிக்க இசை மாலை' நடத்தித் தருவதாகக் கை தூக்கினேன். போஸ்டரும் ஒட்டியாகிவிட்டது. பாடுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஆள் பிடித்துத் தருவதாகச் சொன்னவள் ஆமினா. லேபில் எனக்கு அடுத்த மேசை, மொம்பாசாக்காரி. அவள் அக்கா கல்யாணத்தை ஒட்டி, ஞாயிறு மதியம் பெண்கள் மட்டும் கூடும் விருந்தில் தாரப் கச்சேரி இருந்தது. அவர்கள் கடற்கரைப் பக்கத்துக் கல்யாணங்களில் பாடும் சுவாஹிலிப் பாட்டு அது. வயலின், அக்கார்டியன், மடியில் கிடத்தி மீட்டும் கானூன் எல்லாம் உண்டு. குழுவை நடத்துகிறவர் ஆமினாவின் ஜுபைதா அத்தை. அவர் சரி என்றால்தான் குழு எங்கேயும் போகும்.

கச்சேரி முடிந்ததும் அத்தையிடம் அழைத்துப் போவதாக ஆமினா சொன்னாள். அவள் அம்மாவும் அத்தையும் இரண்டு வருஷம் பேசாமல் இருந்து, கல்யாணத்துக்காக இப்போதுதான் சமாதானம் ஆகியிருந்தார்கள். அதனால் அத்தை நல்ல மனநிலையில் இருப்பார் என்பது அவள் கணக்கு.

ஞாயிறு காலை, வாஷிங் மெஷின் ஓடும் நேரத்தில், தாரப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். பாட்டு மனதைத் தொட்டால் பெண்கள் எழுந்து போய்ப் பாடகிக்குப் பணம் கொடுப்பார்கள் என்ற இடம் வந்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. கோயில் கொடையில் நாதஸ்வரக்காரர் சட்டையில் நாங்கள் ரூபாய் நோட்டை ஊக்கால் குத்துவோமே, அதேதான். அந்த இடத்தில் மெஷின் நின்றது. துணியை எடுக்கப் போனவள் மீதியைப் படிக்கவில்லை.

கைப்பையில் டாலர் நோட்டுகளும் ஊக்குகளுமாக, மயில் நீலப் பட்டுப்புடவையில் போய் இறங்கினேன். முதல் வரிசை சோபாவில் ஜுபைதா அத்தை பச்சை கவுனும் தங்கமுமாக வீற்றிருந்தார். முதல் இரண்டு பாட்டுக்கும் பெண்கள் ஆடி அசைந்து போய்ப் பணம் கொடுத்தார்கள். மூன்றாவது பாட்டு தொடங்கியதும் ஒருவரும் எழவில்லை. எல்லோரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள்.

பாடகியின் முகத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. எழுந்துவிட்டேன்.

ஊக்கைத் திறந்ததும் பாடகி ஓரடி பின்வாங்கி, நோட்டைக் கையிலேயே வாங்கிக்கொண்டார். எங்கள் ஊரில் நோட்டுக் குத்தியதும் சபையில் பெரியவரைப் பார்த்துக் கும்பிடுவோம். திரும்பினேன். ஜுபைதா அத்தையைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாக, இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டேன்.

ஹால் முழுக்கத் தலைகள் தட்டிலிருந்து நிமிர்ந்தன. பிறகு பின்வரிசையில் குலவை கிளம்பியது. அசல் குலவை. இதில் என்னை யார் மிஞ்ச முடியும்? நானும் நாக்கைச் சுழற்றி ஒன்று விட்டேன்.

அத்தை எழுந்தார். தாளத்துக்கு அடியெடுத்து வந்து, அடுத்த வரிக்குப் பாடகியிடம் நோட்டைக் கொடுத்து, என்னை நோக்கி ஒரு விரலை மெல்ல நீட்டினார். புடவையைப் பாராட்டுகிறார் என்று நினைத்தேன். பதில் மரியாதை செய்ய வேண்டாமா? பாடகி பழைய வரிக்குத் திரும்பியதும், இன்னொரு குலவையோடு மறுபடி போனேன். அத்தை வந்தார். மூன்றாம் முறையும் போனேன். ஆமினாவின் அம்மா தலையில் கை வைத்திருந்தார். ஆமினா என் முந்தானையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"அந்த வரிக்கு என்ன அர்த்தம் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"'வீடு வீடா நெருப்பு சுமந்து போறவளே, உன் அடுப்பு ஏன் அணைஞ்சு கிடக்கு?' எந்த வரிக்கு எழுந்திருக்கிறே, யாரைப் பார்க்கிறே, அதுதான் இங்க பேச்சு. வாயால சொல்ல முடியாததைப் பாட்டு மூலமா சொல்றது. நீ எங்க அத்தையை ஊர் முன்னாடி கோள்மூட்டின்னு சொல்லிட்டே. மூணு தடவை. கும்பிட்டு."

"அவங்க எழுந்து வந்தாங்களே?"

"அவங்க எழுந்த வரிக்கு, 'உன் வாயை மூடு'ன்னு அர்த்தம். நீ குலவை விட்டே."

இரண்டு வருஷச் சண்டையே அத்தை கோள் சொன்னார் என்ற விவகாரத்தில் வந்ததுதானாம். நான் அவர்கள் வீட்டு விருந்தாளி என்பதால், ஆமினாவின் அம்மாதான் என்னை ஏவிவிட்டார் என்று ஹால் முழுக்க முடிவாகியிருந்தது. சமாதானமும் போச்சு, நூலகக் கச்சேரியும் போச்சு, அடுத்த மேசைச் சிநேகிதியும் போய்விடுவாள் போலிருந்தது.

நேரே அத்தையிடம் போனேன். கோயில் கொடை, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஆமினாவின் அம்மா பக்கத்தில் வெளிறிப்போய் நின்றார். அத்தை ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த ஊக்கு?"

"சட்டையில குத்துறதுக்கு."

அவர் உடம்பு குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷமா முதுகுக்குப் பின்னாடி எல்லாரும் சொல்றது இதுதான். என் மூஞ்சிக்கு நேரா சொல்ல ஒருத்திக்கும் தைரியம் வரலை. கடைசில ஒண்ணும் தெரியாத ஒருத்தி வந்து சொல்லியிருக்கா," என்றார். பிறகு ஆமினாவின் அம்மாவை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். இருவரும் சேர்ந்து என்னை சுவாஹிலியில் அரைமணி நேரம் திட்டினார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டே திட்டினார்கள்.

நூலகத்தில் குழு பாடியது, ஒரே நிபந்தனையோடு: கச்சேரி முடியும்வரை நான் நாற்காலியை விட்டு எழக்கூடாது. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மா இன்றைக்கும் முதலில் கேட்பது, "இந்த வாரம் யாரைக் குத்துன?" என்றுதான்.

மொம்பாசாப் பெண்கள் மத்தியில் எனக்கு இப்போது தனி மவுசு. தாங்கள் நேரில் பகைக்க முடியாதவர்களைப் பார்த்து எழுந்திருக்க என்னை அழைக்கிறார்கள். ஒன்றும் தெரியாதவள் என்ற சலுகை எனக்கு உண்டல்லவா? வருகிற சனிக்கிழமை ட்ரென்டனில் ஒரு கல்யாணம். நான்காவது பாட்டுக்கு எழுந்து, மாப்பிள்ளையின் பெரியம்மாவைப் பார்த்தால் போதும் என்று பெண்ணின் சித்தி சொல்லியிருக்கிறார்.

ஜனவரியிலிருந்து நான் மாலை வகுப்பில் சுவாஹிலி படிப்பது அவருக்குத் தெரியாது. நான்காவது பாட்டை வாங்கி, அகராதியோடு உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டேன். படித்து முடித்த பிறகுதான், வருகிறேன் என்று சொன்னேன்.