திருப்பி அடித்த மணி

எட்டாம் வகுப்பை நான் இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் தேறவில்லை. அப்படிப்பட்டவன் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதினால் என்ன ஆகும் என்று யாராவது அப்போதே யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

சுரங்கத்தில் கீழே கல் வண்டி தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வண்டி காலில் ஏறியது. இரண்டு விரல் போனது. லைட் டூட்டி கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் கடைசி. கம்ப்யூட்டர் ரூமில் காகிதப் பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். ஏ.சி. ரூம். செருப்பை வெளியே விட வேண்டும். (காலைக் குனிந்து எண்ணிப் பார்த்தார்கள். எண்ணட்டும்.)

ஆறு மாதத்தில் ஆப்பரேட்டர் வேறு வேலை தேடி பெங்களூர் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை அவர் நாற்காலியில் உட்காரு என்றார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை.

வேலை இதுதான். ஒவ்வொரு ஷிப்டுக்கும் இறங்குகிறவர்களின் பெயர்ப் பட்டியலை அச்சடித்து, வருகை எழுதும் டைம் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு விளக்கு கிடையாது. விளக்கு இல்லாதவனுக்கு கீழே இறங்க கேஜ் கிடையாது. அச்சடிக்க ஒரு முழ நீளத்துக்கு ஒரு கட்டளை. சுவரில் ஒட்டியிருந்தது. ஒற்றை விரலால் தட்டுவேன். ஒரு புள்ளி விட்டால் கம்ப்யூட்டர் இங்கிலீஷில் திட்டும். (புரியாததால் வலிக்கவில்லை.)

பெங்களூரிலிருந்து ஒரு இன்ஜினியர் மாதம் ஒரு முறை வருவார். நான் தட்டுவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் சொன்னார்:

"இந்த நீளத்தை ஒரு ஃபங்ஷனா எழுதி வெச்சுக்கோங்க. சின்னதா ஒரு பேர் குடுங்க. அந்தப் பேரைத் தட்டினா போதும். மிச்சத்தை அதுவே செஞ்சுக்கும்."

"ஃபங்ஷன்னா, காது குத்தற மாதிரியா சார்?"

அவர் சிரிக்கவில்லை. எழுதிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்த சின்னப் பெயர் கேஜ் மணி ஒன்றுதான். ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டுதான் கேஜ். கீழே இருக்கிறவன் மணி அடிப்பான். மேலே இருக்கும் வைண்டிங் டிரைவர் அதைக் கேட்டு ஓட்டுவார். ஒரு மணி என்றால், ஓடுகிற கேஜ் நிற்கும். நிற்கிற கேஜ் ஏறும். இரண்டு மணி, இறக்கு. மூன்று மணி, ஆள் ஏறுகிறது. டிரைவர் எந்த மணி வந்தாலும் அதே மணியைத் திருப்பி அடித்துவிட்டுத்தான் லீவரைத் தொடுவார். சரியாகக் கேட்டேன் என்பதற்கு அது அத்தாட்சி.

அதையே கம்ப்யூட்டரில் வைத்தேன். எம் என்ற எழுத்தை ஒரு தடவை தட்டினால், ஓடுகிற பிரிண்டர் நிற்கும், நிற்கிற பிரிண்டர் ஓடும். இரண்டு எம் தட்டினால் பட்டியல் அச்சாகும். மூன்று எம் தட்டினால் ஆபீசில் உள்ள எல்லாத் திரையிலும் 'லிஸ்ட் ரெடி, வாங்க' என்று வரும். சத்தம் இல்லாமல் என்ன மணி என்று, தட்டிய எண்ணிக்கைக்கு பீப் சத்தமும் வைத்தேன். ரூமில் இரண்டு திரை. இரண்டிலும் என் மணி வேலை செய்யும். இன்ஜினியர் பார்த்திருந்தால் அன்றைக்கே அழித்திருப்பார். அந்த மாதம் அவர் வரவில்லை.

அந்த மாதம்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

பெண் கோமளா. மாரிகுப்பம். அப்பா முனிரத்தினம், வைண்டிங் டிரைவர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மாப்பிள்ளை கம்ப்யூட்டரையே ஓட்டுகிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். (சொல்லச் சொன்னது நான்.) பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. அதற்கு முன் இரண்டு வீட்டில் என் கால் விரல் போனதைக் கேட்டுவிட்டு காபியோடு அனுப்பிவிட்டார்கள். இதுவும் போனால் இனி பார்ப்பதில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள்.

முனிரத்தினம் ஒன்றுதான் சொன்னார். "உக்காந்து இன்னா ஓட்டறாருன்னு ஒரு வாட்டி கண்ணால பாத்துடறேன். அப்பறம் பேசலாம்."

அவருக்கு வார லீவு நாள். பகல் பன்னிரண்டரைக்கு வந்தார். எங்கள் ஆபீசர் சாப்பிடப் போயிருந்தார். பகல் இரண்டு மணி ஷிப்டுக்குப் பட்டியல் அடிக்கும் நேரம். நானாகத்தான் அந்த நேரத்துக்கு வரச் சொன்னேன்.

செருப்பை விட்டு உள்ளே வந்தவரை எனக்குப் பின்னால் இருந்த திரைக்கு முன் உட்காரவைத்தேன். சாய்ந்து உட்காரவில்லை. முதுகு நேராக, இரண்டு கையும் முன்னால்.

"உங்க மணிதாங்க மாமா வெச்சிருக்கேன்."

"இன்னும் மாமா ஆவல."

"சரிங்க. எம் ஒண்ணு தட்டி எண்டர் அடிச்சா ஒரு மணி."

"ஓடறது நிக்குமா?"

"நிக்கும். நின்னது ஓடும்."

மீசை லேசாக அசைந்தது. "ரெண்டு மணிக்கு?"

"ஷிப்ட் லிஸ்ட் வரும்."

"லிஸ்ட்டுல கீறவன் எறங்கத்தானே போறான். செரிதான். மூணு?"

"வாங்கன்னு ஆபீசுக்கெல்லாம் சொல்லும்."

"அதுவும் செரி," என்றார். கல்யாணம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு எம் தட்டினேன். பீப், பீப். பின்னாலும் பீப், பீப். அந்தத் திரையிலும் கேட்கிறது போல என்று விட்டேன். (முனிரத்தினம் தட்டிய பட்டியலும் வரிசையில் நின்றுகொண்டது. எனக்குத் தெரியாது.) பிரிண்டர் ஓடியது. முதல் பெயர் அந்தோணிசாமி. நான் பெருமையாக எழுந்து பிரிண்டர் அருகில் நின்றேன். அப்போது பார்த்து இடது பக்கப் பற்சக்கரத்திலிருந்து காகிதம் கழன்று கோணலாக ஏறியது.

ஓடி வந்து ஒரு எம். பீப். நின்றது. காகிதத்தைச் சரிசெய்யப் போனேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பீப். பிரிண்டர் கிளம்பியது.

அந்த பிரிண்டருக்கு ஒரு குணம். நிறுத்தி ஓடவிட்டால் விட்ட இடத்திலிருந்து வராது. முதல் பக்கத்திலிருந்து வரும். அந்தோணிசாமி மறுபடி வந்தார்.

மறுபடி ஓடி வந்து நிறுத்தினேன். பீப். நின்றது. இரண்டு எட்டு வைப்பதற்குள் பீப். அந்தோணிசாமி.

கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முடிவு செய்தேன். திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. மாமனாராகப் போகிறவர் முகத்தைப் பார்க்க அப்போது தைரியம் இல்லை. பிரிண்டருக்கும் நாற்காலிக்கும் இடையில் ஊனக் காலோடு ஓடிக்கொண்டிருந்தேன். காகிதம் பின்பக்கம் கொட்டி, தரையில் பரவி, முழங்காலுக்கு வந்தது. அந்தோணிசாமி பதினேழு தடவை வந்துவிட்டார். அகர வரிசையில் கடைசியில் இருந்த வேலாயுதம் ஒரு தடவைகூட வரவில்லை.

கடைசியில் பொறுமை போய், ஒவ்வொரு எம்முக்கும் ஒரு எண்டராக மூன்று தடவை தட்டினேன். எம், எம், எம். நின்றது, ஓடியது, நின்றது. பின்னால் ஒரே மூச்சில் பீப், பீப், பீப்.

ஆபீஸ் முழுக்க எல்லாத் திரையிலும் 'லிஸ்ட் ரெடி, வாங்க' என்று போய்விட்டது.

வந்தார்கள். டைம் ஆபீசிலிருந்து நாலு பேர். அவர்களுக்குப் பின்னால் வாயைத் துடைத்துக்கொண்டு ஆபீசர். அவர் மேஜையிலும் ஒரு திரை உண்டு. பூப்போட்ட துணி போட்டு மூடி வைத்திருப்பார். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்குத் திறப்பார்.

"ஏனோ இது, ஏழுமலை?" என்றார். என்னடா இது என்பதைக் கன்னடத்தில் கேட்டால் கோபம் என்று அர்த்தம். "நிறுத்து அத மொதல்ல."

பிரிண்டர் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் ஆபீசர் சொல்லிவிட்டார். ஒரு எம் தட்டினேன். ஓடியது. பின்னால் பீப். நின்றது.

முனிரத்தினம் பின்னாலிருந்து சொன்னார். "நிக்கறத நிறுத்துன்னா அது ஓடத்தான் சார் ஓடும்."

ஆபீசர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னிடம், "யார் செஞ்சது இதெல்லாம்?"

"நான்தான் சார்."

"வேற யாராவது தொட்டாங்களா?"

"இல்ல சார்."

"அண்டர்கிரவுண்ட் ஆளுங்க கையில மிஷினக் குடுத்தா இப்படித்தான்," என்று டைம் ஆபீஸ்காரர்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் நாலு பேரும் கையால் பட்டியல் எழுத உட்கார்ந்தார்கள். இரண்டு மணி ஷிப்ட் மூன்றுக்கு இறங்கியது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் என்னையும் ஷிப்ட் ஆட்களோடு கீழே இறக்கிவிடுவேன் என்றார் ஆபீசர்.

முனிரத்தினத்தை கேட் வரை கொண்டுபோய் விட்டேன். கை நழுவிப் போகிற பெண்ணை வழியனுப்புவதாகவே நினைத்துக்கொண்டேன். கேட்டருகில் நின்றார்.

"திருப்பி அடிச்சது நான்னு சொல்லாம இருந்துட்டியே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருபத்திரண்டு வருஷம் மணி கேட்ட கை. பீப் வந்தால் திருப்பி அடிக்காமல் எப்படி இருக்கும்? அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. மணியை வைத்தவன் நான்.

ஆனால் அவரைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினேன் என்று நினைக்கிறார். அப்படி இல்லை, எனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சும்மா இருப்பது ஒன்றுதான் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும்.

"பரவால்லீங்க," என்றேன்.

"பரவால்லீங்க மாமான்னு சொல்லு," என்றார்.

இன்ஜினியர் வந்து என் மணி மூன்றையும் அழித்தார். மறுபடி முழ நீளம், ஒற்றை விரல். வீணான காகிதத்தை வீட்டுக்கு எடுத்துவந்தேன். கல்யாணப் பந்தியில் மேஜைக்கு அதைத்தான் விரித்தோம். பின்பக்கம் மேலே வரவேண்டும் என்று சொல்லியும் கேட்காமல் பாதி மேஜையில் மாற்றி விரித்துவிட்டார்கள். இலைக்கு இலை அந்தோணிசாமி. சாப்பிட வந்த அந்தோணிசாமி, தனக்கு மட்டும் இவ்வளவு இடமா என்று கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். நான் கதவை ஒரு தட்டு தட்டினால், உள்ளேயிருந்து ஒரு தட்டு வரும். கதவு திறக்காது. மூன்று தட்டினால்தான் திறப்பார்கள். ஆள் ஏறுகிறது.

இதை எழுதி முடித்து நேற்று கோமளாவிடம் கொடுத்தேன். இத்தனை வருஷம் கழித்து உண்மையைச் சொல்கிறேனே, அழுவாளோ என்று பார்த்தேன். படித்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

"அப்பாவுக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள்.

"இன்னா தெரியும்?"

"உனுக்கு ஒண்ணும் தெரியலன்றது. வீட்டுக்கு வந்து சொன்னாரு. 'அவனுக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா வெளங்காதப்போ வாய மூடிக்கறான். பொண்ணு பொழச்சிக்கும்'னாரு."

வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தால் கதவு சாத்தியிருந்தது. ஒரு தட்டு தட்டினேன்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு.