கூலிங் அண்ணன் கட்டிய தொட்டில்

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கூலிங் அண்ணன் மாதிரி சத்தத்தை எதிர்த்துச் சண்டை போட்ட ஆள் கிடைக்கமாட்டார். அந்தச் சண்டையில் அவர் போட்ட சத்தம் அதைவிடப் பெரிது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி வீட்டில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த அறை. கல்யாண வீடியோ எடிட் செய்வது அவர் தொழில். கம்ப்யூட்டர் சூடாகிறது என்று அதற்குள் தண்ணீர் ஓடவிட்டு, தானே ஒரு பம்ப் பொருத்தியிருந்தார்; அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். பம்ப் ஓடினால் மேசை உறுமும், தரை உறுமும், கீழே குடியிருந்த வீட்டுக்கார ஆன்டியின் அலமாரியில் பீங்கான் தட்டுகள் கிணுகிணுக்கும்.

ஒரு நாள் ஆன்டி மாடியேறி வந்துவிட்டார்.

"சனிக்கிழமைக்குள்ள இந்தச் சத்தம் நிக்கணும் தம்பி. இல்லன்னா வேற வீடு பாத்துக்குங்க லா."

அண்ணன் அசரவில்லை. "பம்ப் அதிருது ஆன்டி, அதை மேசை வாங்கிக்குது. நடுவுல மெத்துனு ஏதாவது வெச்சா போதும்."

மெத்தென்று கைக்கு அகப்பட்டதெல்லாம் பம்புக்கு அடியில் போனது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் போனது. என் ரப்பர் ஜப்பான் சிலிப்பரில் ஒன்று போனது. பிறகு என் தலையணையைக் காணோம். மேசை அடங்குவதாக இல்லை. பம்பின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்; வீடியோவில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிற இடத்தில் கம்ப்யூட்டர் சூடேறி நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை படிகளில் தடதடவென்று ஓடிவந்தார். கையில் குழந்தைத் தொட்டில் ஸ்பிரிங்.

"தம்பி, கிடைச்சிருச்சு. உள்ள பிள்ளை குதிச்சாலும் வீடு ஆடறதில்ல, இந்த பம்ப் எம்மாத்திரம்?"

உத்தரத்தில் ஸ்பிரிங்கை மாட்டி, அதில் சாரோங் துணியைத் தொட்டிலாகக் கட்டி, பம்பையும் தண்ணீர் டப்பாவையும் அதில் உட்கார வைத்தார். கம்ப்யூட்டருக்கு நீளமான ரப்பர் குழாய்கள். ஸ்விட்ச் போட்டோம். மேசை கப்சிப். எனக்கே விசில் அடிக்கத் தோன்றியது. பம்புக்குள் மாட்டிக்கொண்ட காற்று மட்டும் களக் களக் என்றது. என்ன செய்தும் வெளியே வரவில்லை.

சனிக்கிழமை காலை ஆன்டி வந்தார். தொட்டிலைப் பார்த்ததும் முகம் மாறியது.

"யார் பிள்ளை இது?"

"பம்ப், ஆன்டி."

நாலு பிள்ளை வளர்த்த கை சும்மா இருக்குமா? பேசிக்கொண்டே சாரோங்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டத் தொடங்கிவிட்டது. குமிழிகள் சரசரவென்று டப்பாவுக்கு ஏறின. களக் நின்றது. ஒரு தட்டைக் கீழே வைக்கிற அளவுக்குக்கூடச் சத்தமில்லை.

"தூங்கிருச்சா?" என்றார் ஆன்டி, குரலைத் தாழ்த்தி.

"தூங்கிருச்சு," என்று அண்ணனும் கிசுகிசுத்தார்.

வேறு வீடு பார்க்கிற பேச்சு அதோடு போயிற்று. அந்த வாரம் முழுக்க அண்ணனைவிட நான்தான் அதிகம் பயந்திருந்தேன். அந்த மனுஷன் கிளம்பியிருந்தால் ஒரே நாளில் வீடு அமைதியாகியிருக்கும். எனக்கு அந்த அமைதி பிடித்திருக்காது.