தென்னை ஓலை பார்த்துச் சாம்பலைத் திருப்புகிறவர்

கோகோபோ என்னும் தீவு ஊரின் கடற்கரையில் ஒருவர் விரலை எச்சிலில் நனைத்து வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால், காயம் பட்டுவிட்டதோ என்று கட்டுப்போட ஓடாதீர்கள். அவர் காற்று பார்க்கிறார். எரிமலைக்கு எதிரே குடியிருக்கும் ஊர்களில் மட்டும் விளைகிற இனம் இது: சாம்பல் நிபுணர். தவுர்வுர் மலை லேசாக இருமினால் போதும். பாக்கை ஒரு கன்னத்தில் ஒதுக்கி, கண்ணைச் சுருக்கி, தென்னை ஓலை சாயும் திசையைப் பார்த்து, யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார். சாம்பல் அவரிடம் அனுமதி வாங்கித்தான் பறக்கவேண்டும்.

டோகிலாலா இந்த இனத்தில் முதல் தரம். அவர் மனைவி ஐலீனுக்குக் கவலை வேறு. பக்கவாதத்தில் படுத்துவிட்ட மூத்தாரின் முதுகில் புண். காலையும் மாலையும் சுத்தமான தண்ணீரில் கழுவாவிட்டால் சீழ் வைக்கும். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு மழைநீர்த் தொட்டி. கூரையில் விழும் சாம்பல் மழையோடு சேர்ந்து உள்ளே இறங்கினால், தொட்டி முழுக்கப் புளித்த சேறுதான். அதனால் மலை புகைந்ததும் கூரைக் குழாயைக் கழற்றிவிடுவது ஊர் வழக்கம். ஏணி இருந்தால் சின்ன வேலை. அன்று ஏணியின் உச்சியில் டோகிலாலா உட்கார்ந்திருந்தார், காற்று பார்ப்பதற்காக.

“இறங்குங்க. குழாயைக் கழட்டணும்.”

“ஓலை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரு. சாம்பல் எதிர்க்கரை ரபால் ஊர்ப் பக்கம் போயிடும். மழை வந்து தொட்டி நிறையப்போற நேரத்துல கழட்டுறாளாம்!”

“கீழ அடிக்கிற காத்து வேற, மேல அடிக்கிறது வேற. புகை உச்சிக்குப் போய் இந்தப் பக்கம் திரும்புது பாருங்க.”

“அதுக்கென்ன பைத்தியமா, இந்தப் பக்கம் வர?”

உள்ளே கட்டிலிலிருந்து மூத்தாரின் குரல் வந்தது. “தம்பி, இறங்குடா! என் முதுகு புண்ணாக் கிடக்கு.”

“அண்ணே, நான் இருக்கேன்ல?”

“அதான்டா பயமா இருக்கு!”

புகைத்தூண் ஓலைகளை மதிக்கவில்லை. அது நேரே உயர்ந்து, மேலே இருந்த வேறொரு காற்றில் தொற்றிக்கொண்டு, விரிந்து, கோகோபோவின் தலைக்குமேல் வந்து நின்றது. முதலில் கரகரவென்று கனத்த துகள். பின்னால் மாவு போன்ற சன்னத் தூள். தூரத்தில் மழை இரைந்தது. டோகிலாலா இறங்கினாரா? சாம்பல் படிந்து புருவம்வரை வெளுத்துப்போய், “இப்பவும் ரபால் பக்கம்தான் போகுது” என்றார்.

ஐலீன் தோட்டத்து வெட்டுக்கத்தியை எடுத்துவந்தாள். தொட்டிக்குப் போகும் குழாயைக் கீழே நின்றபடியே எட்டி ஒரே வெட்டு. அடுத்து வந்த மழையில் கூரைச் சேறு முழுவதும் மண்ணில் கொட்டியது.

மறுநாள் காலை, அவள் தெளிந்த தண்ணீரில் மூத்தாரின் முதுகைக் கழுவிக்கொண்டிருந்தாள். டோகிலாலா வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். “நல்லவேளை, வெட்டுடின்னு நான் மேலேயிருந்து கத்தினேன். இல்லாட்டி என்ன ஆயிருக்கும்?”

சிரிக்கிறீர்களா? போன மழைக்காலத்தில் மொட்டைமாடித் துணியைப் பார்த்துக்கொண்டே, “மழையெல்லாம் வராது” என்று உங்கள் வீட்டில் சொன்னவர் யார்? மழை வந்ததும் ஓடிப்போய் எடுத்தவர் யார்? இரண்டும் ஒரே ஆளா?